மைக் பிள்ளையின் கையில் இருக்கட்டும்: பள்ளி ஹாம் ரேடியோ போட்டிக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்கப் பள்ளி மன்றங்களுக்காக ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், 'ஸ்கூல் கிளப் ரவுண்டப்' என்ற ஹாம் ரேடியோ (லைசென்ஸ் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் அமெச்சூர் ரேடியோ) போட்டி நடக்கிறது. அமெரிக்க ஹாம்களின் சங்கமாக 1914-ல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஆர்.எல். அமைப்பும், நியூயார்க் நகரப் பள்ளிகளில் அமெச்சூர் ரேடியோவை வளர்க்கும் கவுன்சிலும் சேர்ந்து இதை நடத்துகின்றன. தொடக்கப் பள்ளி, நடுநிலை, உயர்நிலை, கல்லூரி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கணக்கு ஒலிம்பியாடுக்கும் ஸ்பெல்லிங் பீக்கும் கொடுக்கிற கவனத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுக்கலாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் தெளிவாகப் பேசி, அவர் சொன்னதைச் சரியாகக் கேட்டு எழுதும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்றுத் தரும் பள்ளிப் போட்டி எதையும் நான் பார்த்ததில்லை.

1. போட்டி திங்கட்கிழமை உலகப் பொது நேரப்படி (யு.டி.சி.) 13:00 மணிக்குத் தொடங்கி வெள்ளிக்கிழமை 23:59 வரை நடக்கும். நியூயார்க்கில் அது பிப்ரவரியில் காலை 8 மணி. அக்டோபரில் கோடைக்கால நேரம் இருப்பதால் காலை 9 மணி. இந்த ஒரு மணி நேரக் குழப்பத்தைத் தவிர்க்க, பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றை யு.டி.சி. நேரத்துக்குத் திருப்பி, அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டி, ரேடியோவுக்கு நேர் எதிரே மாட்டிவிடுங்கள். பதிவேட்டில் எழுத வேண்டியதும் அந்த நேரம்தான்.

2. மொத்தம் 107 மணி நேரம் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு பள்ளி அதில் 24 மணி நேரம்தான் இயங்கலாம். அதிலும் எந்த 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மதிய உணவு இடைவேளை, அறிவியல் வகுப்பு, பள்ளி விட்ட பின் இரண்டு மணி நேரம் என்று முன்கூட்டியே பிரித்து அட்டவணை போட்டால் பிள்ளைகளின் தூக்கமும் வீட்டுப்பாடமும் கெடாது.

3. பேசுவதற்குப் பிள்ளைக்கு லைசென்ஸ் வேண்டுமா? வேண்டியதில்லை. பேசும் அலைவரிசைக்கு உரிய லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கன்ட்ரோல் ஆபரேட்டராகப் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டால் போதும். அவர் எழுந்து காபி குடிக்கப் போனால் பேச்சும் நிற்க வேண்டும். ஆகவே ஒரு நேரத்துக்கு லைசென்ஸ் பெற்ற பெரியவர்கள் இருவரை ஏற்பாடு செய்து வையுங்கள்.

4. லைசென்ஸ் இல்லாத பிள்ளை அமெரிக்காவுக்குள் யாருடனும் பேசலாம். வெளிநாடு என்றால், அமெரிக்காவுடன் இதற்கென ஒப்பந்தம் உள்ள நாடுகளோடு மட்டும்தான். கனடா, மெக்சிகோ, பிரேசில் அந்தப் பட்டியலில் உண்டு. ஜப்பான், ஜெர்மனி இல்லை. பட்டியலை அச்செடுத்து மேசையில் ஒட்டிவிட்டால் பிள்ளை தடுமாறாது. பட்டியலில் இல்லாத நாடு கூப்பிட்டால் அந்த ஒரு தொடர்புக்கு மட்டும் பெரியவர் பேசட்டும்.

5. லைசென்ஸ் எடுக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அமெரிக்காவில் வயது வரம்பு கிடையாது. முதல் நிலையான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகள் எல்லாம் முன்பே வெளியிடப்பட்ட தொகுப்பிலிருந்தே வரும். அந்தத் தொகுப்பு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மாறும் என்பதால், பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் அட்டையில் ஆண்டைப் பாருங்கள். லைசென்ஸ் தரும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்.சி.சி.க்குக் கட்ட வேண்டிய கட்டணம் 35 டாலர். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ஏ.ஆர்.ஆர்.எல். ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்தது; தேர்வு நடத்தும் குழுவிடம் அதைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

6. இதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை: லைசென்ஸ் பெற்றவரின் பெயரும் அஞ்சல் முகவரியும் எஃப்.சி.சி.யின் பொதுப் பட்டியலில் யாரும் பார்க்கும்படி இருக்கும். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வீட்டு முகவரி இருப்பதை விரும்பாவிட்டால், விண்ணப்பத்துக்கு முன்பே தபால் பெட்டி எண் ஒன்று வாங்கி அதைக் கொடுங்கள். பிறகு மாற்றினாலும் பழைய பதிவு எங்காவது தங்கியிருக்கும்.

7. பள்ளி மன்றத்துக்கென்று தனி அழைப்புக்குறி (ரேடியோவில் அடையாளமாகச் சொல்லும் எழுத்தும் எண்ணும்) வாங்க நான்கு உறுப்பினர்களாவது வேண்டும். மன்றத்துக்கு ஒரு பெயர், எழுதி வைத்த அமைப்பு விதிகள், பொறுப்பேற்க லைசென்ஸ் உள்ள ஒருவர் ஆகியவையும் தேவை. சொந்த அழைப்புக்குறி இருந்தால், ஆசிரியர் மாறினாலும் மன்றத்தின் அடையாளம் மாறாது.

8. "சம்பளம் வாங்கும் ஆசிரியர் அமெச்சூர் ரேடியோவை இயக்கலாமா?" என்று பள்ளி நிர்வாகம் தயங்கலாம். வகுப்புப் பாடத்தின் பகுதியாக இயக்கும் ஆசிரியருக்கு எஃப்.சி.சி. விதியிலேயே விலக்கு உண்டு. அந்த விதியின் அச்சுப் பிரதி ஒன்றை முதல்வரிடம் கொடுக்கும் கடிதத்தோடு இணையுங்கள்.

9. விலை உயர்ந்த ஆன்டெனா தேவையே இல்லை. சாதாரண செம்புக் கம்பியில் இரு சம பக்கங்கள் கொண்ட 'டைபோல்' ஆன்டெனா கட்டிக்கொள்ளலாம். 468-ஐ மெகாஹெர்ட்ஸில் சொல்லும் அலைவரிசை எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் அடியில் வரும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 33 அடி. நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பதினாறரை. 28.4 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தமே பதினாறரை அடிதான், வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியே இரு மரங்களுக்கு இடையில் அடங்கிவிடும். வெட்டும்போது அரையடி கூடுதலாக விட்டு, மேலே ஏற்றி அளந்த பிறகு நறுக்குங்கள். கணக்குப் போடுவதையும் அளப்பதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். தான் வெட்டிய கம்பியில் ஆயிரம் மைல் தாண்டி ஒரு குரல் கேட்கும்போது பிள்ளையின் முகத்தில் வரும் மகிழ்ச்சி, கடையில் வாங்கி மாட்டினால் வராது.

10. மின்சாரக் கம்பி பக்கத்தில் ஓடும் இடத்தில் ஆன்டெனா கட்டாதீர்கள். அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இடி கேட்டால் கேபிளைக் கழற்றிவிட்டு அன்றைய ஆட்டத்தை முடித்துவிடுங்கள். ஒலிபரப்பும்போது கம்பியைத் தொட்டால் தோல் சுடும். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, கீழே கயிறு கட்டித் தடுத்து வையுங்கள்.

11. ரேடியோவில் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் மட்டும் கேட்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கும். பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்து வாருங்கள். எல்.இ.டி. விளக்கு, லேப்டாப் சார்ஜர், மீன் தொட்டியின் பம்ப் என்று எதன் அருகே உறுமுகிறதோ அதை அணைத்துப் பாருங்கள். அணைக்க முடியாததன் ஒயரில் கிளிப் போல மாட்டும் ஃபெரைட் வளையம் ஒன்றைப் போட்டால் இரைச்சல் குறையும். இந்தத் தேடலைப் போட்டிக்கு முந்தைய வாரமே, பள்ளி நடக்கும் நேரத்தில், எல்லா விளக்கும் எரியும்போது செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்கும் கட்டடம் திங்கட்கிழமை அப்படி இருக்காது.

12. பள்ளி நேரத்தில் 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் கைகொடுக்கும். 80 மீட்டர் இரவுக்கு உரியது. மாலை நெருங்கும்போது 40 மீட்டரில் பக்கத்து மாநிலங்கள் நன்றாகக் கேட்கும். டெக்னீஷியன் லைசென்ஸ் உள்ள மாணவர் 10 மீட்டரில் 28.300 முதல் 28.500 மெகாஹெர்ட்ஸ் வரை குரலில் தானே பேசலாம். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் பகலில் அந்த இடம் களைகட்டும்.

13. இன்னொன்று, நேர வித்தியாசம். நியூயார்க்கில் பள்ளி விடும் பிற்பகல் 3 மணி, கலிஃபோர்னியாவில் மதிய உணவு வேளை. இரு கரைப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் ரேடியோ முன் இருக்கும் வேளை அது. அட்டவணையில் அதைக் காலியாக விடாதீர்கள்.

14. பரிமாற வேண்டியது மூன்றே செய்திகள்: சிக்னல் அளவு, பிரிவு, மாநிலம். "ஃபைவ் நைன், ஸ்கூல், நியூ ஜெர்சி." அவ்வளவுதான். பிரிவில் தனிநபர், பள்ளி சாராத மன்றம், பள்ளி என மூன்று வகை. இதையும் மன்றத்தின் அழைப்புக்குறியையும் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' முறையில் கெட்டியான அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மைக்குக்கு அருகே நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் முடிக்கும்போதும் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒத்திகையைச் சமையலறையிலும் ஹாலிலுமாக இரண்டு வாக்கி டாக்கிகளை வைத்து வீட்டிலேயே நடத்தலாம். வேண்டுமென்றே மெதுவாகவும் தப்பாகவும் பேசி, "திரும்பச் சொல்லுங்கள்" என்று பிள்ளையைக் கேட்க வையுங்கள். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டும் வழக்கம் இங்கே ஒழியும்.

15. இப்போது முக்கியமான குறிப்பு. மைக்கைப் பெரியவர்கள் பிடுங்காதீர்கள். தொடர்பு நழுவப் போகிறது, எதிர்முனை பொறுமை இழக்கிறது என்று தோன்றும் நொடியில் கை தானாக நீளும், அடக்கிக்கொள்ளுங்கள். காதில் கிசுகிசுத்து வாக்கியம் எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். இந்த வாரத்தில் ரேடியோ முன் உட்கார்ந்திருக்கும் ஹாம்களில் மிகப் பலர் பிள்ளைகளின் குரலைக் கேட்கவே வந்தவர்கள், காத்திருப்பார்கள். அனுபவமுள்ள ஒருவர் தனியாக உட்கார்ந்தால் அரை மணியில் குவிக்கும் புள்ளிகளை உங்கள் மன்றம் முழுப் பிற்பகலில்தான் எடுக்கும். எடுக்கட்டும். நான்காம் வகுப்புக் குழந்தை தயங்கித் தயங்கித் தன் பெயரைச் சொல்லி, ஓஹையோவிலிருந்து பதில் வாங்கிய அந்த ஒரு புள்ளிக்காகத்தான் போட்டியே.

16. பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வையுங்கள்: ஒருவர் பேச, மற்றவர் எழுத. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். சமையலறை டைமரே போதும். ஹெட்ஃபோனை விட ஸ்பீக்கர் நல்லது. காத்திருக்கும் பிள்ளைகளும் கேட்டுக் கற்பார்கள்.

17. மதிப்பெண் முறையை முதல் நாளே கரும்பலகையில் எழுதுங்கள். குரல் தொடர்புக்கு 1, மோர்ஸுக்கும் டிஜிட்டலுக்கும் 2. இதை மாநிலங்கள், கனடா மாகாணங்கள், நாடுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பெருக்கும் எண்ணில் மன்றம் ஒவ்வொன்றுக்கும் 2, பள்ளி ஒவ்வொன்றுக்கும் 5 கூடும். 20 மாநிலங்களில் 60 குரல் தொடர்புகள் என்றால் 1,200. அவற்றில் 4 பள்ளிகளும் 3 மன்றங்களும் இருந்தால் 60 பெருக்கல் 46, அதாவது 2,760. பள்ளியைத் தேடிப் பிடிப்பதன் பலன் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

18. பேசக் கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். மோர்ஸ் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். 2007 முதல் லைசென்ஸுக்கு மோர்ஸ் கட்டாயமில்லை என்றாலும், வாய் திறக்கத் தயங்குகிறவர்களில் சிலருக்கு விரல் நன்றாகப் பேசுகிறது. புள்ளியும் இரட்டிப்பு.

19. கணினியில் பதிவதோடு ஒரு நோட்டுப் புத்தகத்திலும் பென்சிலால் எழுதுங்கள். லேப்டாப் நின்றுபோனாலும் ஆட்டம் நிற்காது.

20. மேசையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். சிப்ஸ், முறுக்கு வேண்டாம். நொறுங்கும் சத்தம் மைக்கில் போகும், எண்ணெய்க் கை பொத்தான்களில் படியும். மைக்கின் பஞ்சு உறையை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். பிப்ரவரி மாதம் சளிக் காலம்.

21. முதன்முறை சேரும் பள்ளி, ஜனவரியில் நடக்கும் 'கிட்ஸ் டே'யை ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம். பெயர், வயது, ஊர், பிடித்த நிறம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். மதிப்பெண் இல்லை, பதற்றமும் இல்லை. ஜூனிலும் ஒரு முறை வரும்.

22. பேசியவர்களிடமிருந்து, தொடர்பை உறுதிசெய்யும் கியூ.எஸ்.எல். அட்டைகள் தபாலில் வரும். வீட்டு முகவரிக்குப் பதில் பள்ளி முகவரியைக் கொடுத்து, வந்தவற்றை வகுப்பறைச் சுவரில் மாட்டிய வரைபடம் ஒன்றின் பக்கத்தில் ஒட்டுங்கள். பதில் அட்டையைப் பிள்ளைகளே கையால் எழுதட்டும்.

23. பத்துத் தொடர்புதான் கிடைத்தது என்றாலும் பதிவேட்டை அனுப்பிவிடுங்கள். அனுப்பினால்தான் முடிவுப் பட்டியலில் உங்கள் பள்ளியின் பெயர் வரும். அடுத்த ஆண்டு நிதியும் அறையும் கேட்கப் போகும்போது முதல்வரிடம் அதைக் காட்டலாம். உங்கள் பள்ளியில் மன்றமே இல்லையென்றால் அறிவியல் ஆசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள். அக்டோபர் போட்டிக்கு ஆன்டெனா கட்ட அனுமதி வாங்குவதற்கு, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கடிதம் கொடுத்தாக வேண்டும்.