சிட்டிக்கு வேறு முகமா?

கேள்வி: 'எந்திரன்' மூன்றாம் பாகம் வந்து, சிட்டியாக ரஜினிக்குப் பதில் வேறு நடிகர் நடித்தால் ஏற்பீர்களா?
(வாசகர், ஜெயங்கொண்டம், அரியலூர் மாவட்டம்)

பதில்: மனசு ஒப்பவில்லை. இத்தனைக்கும் அது முதலில் ரஜினிக்கு என்று யோசித்த வேடமே அல்ல. கமல்ஹாசனையும் பிரீத்தி ஜிந்தாவையும் வைத்து போட்டோ ஷூட் வரை போய் நின்ற கதைதான், 2010-ல் ரஜினி, ஐஸ்வர்யா ராய் நடிப்பில் வெளிவந்தது. 2018-ல் இரண்டாம் பாகமான '2.0' வந்தபோது ஐஸ்வர்யாவின் சனா வெறும் போன் குரலாகிவிட்டாள். எமி ஜாக்சனின் நிலா வந்து நின்றாள். யாரும் கொடி பிடிக்கவில்லை.

நடிகரை மாற்றுவதில் 2009-ல் வந்த 'ஸ்டார் டிரெக்' படத்தின் ஆட்கள் சாமர்த்தியசாலிகள். ஸக்கரி குயின்டோவை ஸ்பாக் என்ற பாத்திரத்தின் இளம் வடிவமாகப் போட்டுவிட்டு, பழைய ஸ்பாக்கான லியோனர்ட் நிமாயையும் அதே படத்தில் முதியவராகக் கொண்டுவந்தார்கள். பெரியவரே ஆசீர்வதித்த மாதிரி ஆகிவிட்டது.

சிட்டியின் சிக்கல் வேறு. அதே ரஜினி நடித்த விஞ்ஞானி வசீகரன் தன் சாயலிலேயே செய்த ரோபோ அது. ஒருவரை மாற்றினால் இருவரையும் மாற்றவேண்டும். அந்த 'மே...' என்ற ஆட்டுக் குரலை வேறு யார் கொடுத்தாலும் மிமிக்ரி மேடைதான்! புது விஞ்ஞானி, புது ரோபோ, புதுப் பெயர் என்று எடுக்கட்டும். முதல் நாளே பார்ப்பேன். எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள்.