மணற்குவியலும் மலைச்சரிவும்

ரமணாசிரமம் அருகில்,
திருவண்ணாமலை.

அன்புள்ள தம்பிக்கு,

2024 டிசம்பர் 1 அன்று இங்கே திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். “மலை தன்னொழுங்கு மாறுநிலையில் இருந்திருக்கிறது, யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, இல்லையா ஐயா?” என்று முடித்திருந்தாய். அந்த “இல்லையா”தான் என்னை உறுத்துகிறது.

1987இல் பெர் பாக், சாவோ டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் மூவரும், ஓர் அமைப்பு தானாகவே சரிவின் விளிம்புக்கு வந்து நிற்பதைத் தன்னொழுங்கு மாறுநிலை என்றார்கள். அதைக் காட்ட, கட்டங்களில் மணலை ஒவ்வொரு மணியாகப் போடும் மணற்குவியல் மாதிரியைத் தந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சரிவு முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்த மணி விழ வேண்டும். அன்று மண்ணைச் சரித்த ஃபெஞ்சல் புயல் மழை அப்படியா பெய்தது? வெளியிலிருந்து வந்த பேரடி அது. தன்னொழுங்கு எங்கே வந்தது? ஒரே ஒரு சரிவை வைத்து, மாறுநிலையின் அடையாளமான அடுக்கு விதியை, அதாவது சரிவு பெரிதாகப் பெரிதாக அதன் எண்ணிக்கை ஓர் அடுக்குக் கணக்கில் குறைவதை, காட்டவும் முடியாது. அதற்குச் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான சரிவுகளின் அளவு வேண்டும்.

உவமையை விட்டுக் கணக்குக்கு வா. இந்த மாதிரிக்கு உறுதியான கணித அடித்தளம் போட்டவர் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தீபக் தார். கட்டங்கள் எந்த வரிசையில் சரிந்தாலும் இறுதி நிலை ஒன்றே என்று 1990இல் நிறுவினார். மூச்சு முட்டும் அழகு அது! இரண்டுக்கு இரண்டு கட்டம் வரைந்து பார். நான்கு மணி சேர்ந்த கட்டம் சரியும். இரண்டு மணி அண்டைக் கட்டங்களுக்குப் போகும், இரண்டு வெளியே விழும். சரியாமல் நிற்கும் நிலைகள் 256. மணி போட்டுக்கொண்டே இருந்தால் அவற்றுள் 192 மட்டுமே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்றும் சம வாய்ப்போடு. ஒட்டியிருக்கும் இரு கட்டங்கள் சேர்ந்தாற்போல் காலியாக இருக்கும் நிலை பிறகு வரவே வராது. அந்த 192, சரிவு விதியை எழுதும் அணியின் அணிக்கோவை மதிப்பு. 2022இல் தாருக்குப் புள்ளியியல் இயற்பியலுக்கான போல்ட்ஸ்மன் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். நம் பாடநூல்கள் எப்போது அவரைக் கண்டுகொள்ளுமோ!

பாக் 1996இல் எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பின் பொருள், ‘இயற்கை இயங்கும் விதம்’. படிக்கச் சுவையான நூல்தான். ஆனாலும் தலைப்பில் இவ்வளவு துணிச்சல் ஆகாது. அதே ஆண்டில் ஆஸ்லோவில் ஆய்வாளர்கள் அரிசியைக் குவித்துப் பார்த்தார்கள். நீள அரிசி மாறுநிலைக்கு வந்தது; உருண்டை வடிவம் கூடிய அரிசி வரவில்லை. அரிசியிலேயே இத்தனை பேதம் என்றால் மலையைப் பற்றி அவசரப்படலாமா?

மலை எந்த நிமிடத்தில் சரியும் என்று சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் செங்குத்துச் சரிவின் அடியில், பெருமழை நாளில், யாரும் தங்கக்கூடாது என்று சொல்ல எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

192 எப்படி வந்தது என்று நீயே போட்டுப் பார்த்து எழுது. அதுவரை எந்த விபத்துக்கும் மாறுநிலையைச் சாட்சிக்கு இழுக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்