ஒத்த வாதத்தைக் கண்டறிதல்

“இஃது இருப்பின் அஃது இருக்கும்” என்னும் அமைப்புடையதை நிபந்தனைக் கூற்று என்பர். அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகளில் சேர விழைவோர்க்கு 1948-ஆம் ஆண்டு முதல் நுழைவுத் தேர்வு ஒன்று நடைபெற்று வருகிறது. அதன் இன்றைய வினாத்தாள்களில் ஒரு வாதத்தைக் கொடுத்து, அதனை அமைப்பால் ஒத்த வாதம் கீழ்வரும் ஐந்தனுள் எது என வினவுவதுண்டு. வயலில் ஆய்வோர்க்கும் வகுப்பில் கற்பிப்போர்க்கும் இப்பயிற்சி பெரிதும் பயன்படும்.

நிபந்தனைக் கூற்றினின்று முடிவு காணும் முறைகள் நான்கு. “அ இருப்பின் ஆ இருக்கும்” எனக் கொள்வோம்.

1. அ உண்டு, ஆகவே ஆ உண்டு. (சரி)
2. ஆ இல்லை, ஆகவே அ இல்லை. (சரி)
3. ஆ உண்டு, ஆகவே அ உண்டு. (பிழை)
4. அ இல்லை, ஆகவே ஆ இல்லை. (பிழை)

பின்னிரண்டும் பிழையாவதேன்? ஆ என்பது வேறு காரணத்தாலும் நிகழலாம் என்பதனாலேயாம்.

உதாரணமாக: “தழைச்சத்துக் குறைந்தால் நெற்பயிரின் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும். இவ்வயலில் அவை மஞ்சளாகியுள்ளன. ஆகவே இங்குத் தழைச்சத்துக் குறைந்துள்ளது.” இதனை ஒத்தது எது?

(க) தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகும். இங்குத் தழைச்சத்து மிகுந்துள்ளது. ஆகவே பயிர் கரும்பச்சையாகும்.
(கா) மின்சாரம் நின்றால் விளக்கு அணையும். விளக்கு அணைந்துள்ளது. ஆகவே மின்சாரம் நின்றுவிட்டது.
(கி) மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனையவில்லை. ஆகவே மழை பெய்யவில்லை.

விடை (கா). (க) பொருளால் ஒத்திருப்பினும் முதல் முறையைச் சார்ந்தது. (கி) இரண்டாம் முறை. கொடுத்த வாதம் பிழையுடையதாயின், விடையும் அதே பிழையை உடையதாதல் வேண்டும்.

மூன்று குறிப்புகளை நினைவிற் கொள்க. பொருளை நீக்கி எழுத்துகளை இட்டுப் பார்க்க. வாக்கியங்களின் வரிசை மாறினும் அமைப்பு மாறாது. “இருந்தால்” என்பதும் “இருந்தால் மட்டுமே” என்பதும் ஒன்றல்ல. “அ இருந்தால் மட்டுமே ஆ இருக்கும்” எனின், ஆ இருப்பின் அ உண்டு என்பதே பொருள்.

வயலில் இப்பிழை பொருட்சேதம் விளைவிக்கும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நச்சுயிரி நோயிலும் நெல்லின் இலைகள் மஞ்சளாகும். அதனைத் தழைச்சத்துக் குறைவெனக் கருதி யூரியா இடின் நோய் தீராது, செலவே மிஞ்சும். ஆயின் முதிர்ந்த இலைகள் நல்ல பச்சையாயிருப்பின், தழைச்சத்துக் குறைவில்லை என்பது மேற்கூறிய கூற்றினின்றே பெறப்படும். அதாவது, மஞ்சளின்மை குறைவை விலக்கும். மஞ்சள் மட்டும் அதனை நிறுவாது. எனவே மஞ்சளைக் கண்டவிடத்து, வளர்ச்சி குன்றியுள்ளதா, தத்துப்பூச்சி உளதா, வயல் முழுதும் ஒரே சீராக மஞ்சளித்ததா, திட்டுத் திட்டாகவா என்பவற்றையும் நோக்கியே முடிவு கூறுக.

பயிற்சி: “விதை ஈரம் பெற்றால் மட்டுமே முளைக்கும். இவ்விதை ஈரம் பெற்றது. ஆகவே முளைக்கும்.” இது நான்கனுள் எம்முறை? (விடை: மூன்றாவது.)