பேதி மருந்தும் பெருங்குடலும்

கெடாரில் காலைப் பேருந்தைப் பிடித்து விழுப்புரத்துப் பள்ளிக்கு ஓடும் மாணவருக்கு வீட்டில் கழிப்பறைக்குப் போக நேரமிருக்காது. பள்ளியில் போகக் கூச்சம். மாலைவரை அடக்கி வைக்கிறார். அப்போது வயிற்றுக்குள் நடப்பது என்ன?

சிறுகுடலிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்த்த கூழ் பெருங்குடலுக்கு வருகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அக்குழாய் அதிலுள்ள நீரை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடும். மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 150 மில்லிலிட்டர்தான். எனவே மலம் தங்கத் தங்க இறுகும். இறுகினால் வலிக்கும், வலிக்கு அஞ்சி மீண்டும் அடக்குவோம். நாளடைவில் மலக்குடல் விரிந்து, உணர்ச்சி மந்தமாகும். சில சிறுவர்களுக்கு இளகிய மலம் தானே கசிந்து உள்ளாடையில் படும். அது குறும்பு அன்று. அதற்காக அடிக்கும் பெற்றோர் நோயை வளர்க்கிறார்கள்.

தினம் ஒருமுறை போகாவிட்டால் நோய் என்பதும் சரியல்ல. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பே. சிரமமின்றிப் போகிறதா என்பதே கேள்வி.

நம்மவர்க்கு உடனே நினைவுக்கு வருவது பேதி மருந்து. திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர் பெற்றது நிலாவரை இலை. அதிலுள்ள சென்னோசைடு செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகே குடல் தசை தூண்டப்படும். இரவில் உண்டால் காலையில் பேதியாவது இதனால்தான். என்றோ ஒரு நாளைக்கு உதவும். அளவு மீறித் தொடர்ந்தால் நீரோடு பொட்டாசியமும் வெளியேறித் தசைகள் தளரும். இதயத் துடிப்பே தடுமாறலாம்.

ஆய்வுக்கூடத்தில் காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீனை அறிவீர்கள் அல்லவா? அதுவும் ஒரு காலத்தில் பேதி மாத்திரைதான்! எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்து, 1999-இல் அமெரிக்கா அதைக் கடைகளில் விற்கும் பேதி மருந்துகளிலிருந்து விலக்கியது.

நெடுநாள் சிக்கலுக்கு வழி வேறு. மலத்தில் நீரை நிறுத்தி வைக்க வேண்டும். அதைச் செய்வது நார்ச்சத்து. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் நார் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கம்பு விளையும் இம்மாவட்டத்திலேயே பல வீடுகளில் மூன்று வேளையும் அரிசிதான்! நாரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும். இல்லையேல் வயிறு உப்பும். காலை உணவு இரைப்பையை நிரப்பியதும் பெருங்குடல் தானாக அசையும். அந்த வேளையில் பத்து நிமிடம் அவசரமின்றி உட்காருங்கள்.

இதற்கும் இணங்காவிட்டால் மருத்துவர் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவற்றைத் தருவார். இவையும் நீரைப் பிடித்து வைத்தே மலத்தை இளக்குகின்றன. விரிந்த மலக்குடல் சுருங்கி உணர்ச்சி பெற மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் குணம் கண்டதும் நிறுத்துவோருக்குச் சிக்கல் திரும்புகிறது. மருத்துவர் சொன்ன காலம்வரை உண்டு, அவர் சொன்னபடி மெல்லக் குறைக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாந்தியோடு வயிறு வீங்குதல் இவற்றில் எது தென்பட்டாலும் வீட்டில் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. கெடார்ப் பக்கத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தாமதிக்காமல் அங்கே காட்ட வேண்டும்.