நகரம் வளரும் கணக்கு

புதிய கிளை திறக்கவோ, மொத்த வியாபாரத்தின் எல்லையை விரிக்கவோ நினைக்கும்போது நாம் எல்லோருமே மனதுக்குள் ஒரு வட்டம் போடுகிறோம். "இதுவரை ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் சரக்கு போட்டோம், இனி பத்து கிலோமீட்டர் வரை போடலாம்" என்கிறோம். ஆனால் நகரம் வட்டமாக வளர்வதில்லை. இதைக் கவனிக்காமல் முதல் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. நகரம் எப்படி வளர்கிறது என்பதை இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

காலிபிளவர் சொல்லும் பாடம்

காலிபிளவரில் ஒரு கொத்தை ஒடித்துப் பாருங்கள். அது முழுப் பூவைப் போலவே இருக்கும். அதில் ஒரு சிறு கொத்தை ஒடித்தால் அதுவும் அப்படியே. பெரிதின் சாயல் சிறிதிலும் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய வடிவங்களுக்கு 'பிராக்டல்' என்று 1975இல் பெயர் வைத்தவர் பெனுவா மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர். நம் தொழிலுக்கும் அவர் அந்நியரல்ல. 1963இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு பருத்தி விலையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது. நாள் கணக்கில் விலை ஆடும் விதமும் மாதக் கணக்கில் ஆடும் விதமும் ஒரே சாயலில் இருப்பதை அதில் காட்டினார்.

நகரமும் இப்படித்தான். பெரிய சாலையிலிருந்து தெருக்கள் கிளைக்கின்றன, தெருவிலிருந்து சந்துகள். நகருக்கு ஒரு பெரிய கடைவீதி, பேட்டைக்கு ஒரு சிறு கடைவீதி, தெருமுனைக்கு ஒரு மளிகைக் கடை. பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் பேட்டி, பால் லாங்லி ஆகிய இருவரும் 1994இல் எழுதிய நூல் இந்த நோக்கில் நகரங்களை அளந்து காட்டியது.

அளப்பது எப்படி?

நகர வரைபடத்தின் மேல் கட்டம் போட்ட மெல்லிய தாளை வையுங்கள். கட்டடம் உள்ள கட்டங்களை எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்தையும் பாதியாக்கி மறுபடி எண்ணுங்கள். கட்டடங்கள் ஒரே சாலையோரமாக நீண்டிருந்தால் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். அதன் அளவு 1. இடைவெளியே இல்லாமல் நிரம்பியிருந்தால் நான்கு மடங்காகும். அதன் அளவு 2. உண்மையான நகரங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

லண்டன் நகரின் அளவு 1820இல் சுமார் 1.3. அதாவது, எண்ணிக்கை இரண்டரை மடங்குதான் ஆயிற்று. 1900இல் அது 1.7ஐத் தாண்டியது. 1939இல் ஏறக்குறைய 1.8.

லண்டன் வளர்ந்த கதை

ரயில் பாதைகள் கைவிரல்கள்போல் நகரிலிருந்து வெளியே நீண்டன. நிலையங்களை ஒட்டி வீடுகள், வீடுகளை ஒட்டிக் கடைகள். விரல்களுக்கு இடையில் வயல்கள் அப்படியே கிடந்தன. அவை நிரம்பப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று பெரும் நிறுவனமான செயின்ஸ்பரி, 1869இல் நகரின் நடுவே டிரூரி லேனில் பாலும் வெண்ணெயும் முட்டையும் விற்ற சிறு கடைதான். அது 1882இல் புறநகரான குராய்டனில் கிளை திறந்தது. குராய்டனுக்கு 1839ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. விரல் நீண்டு, குடித்தனம் பெருகிய பின்பே கடை போனது.

1939க்குப் பிறகு லண்டனின் அளவு பெரிதாக ஏறவில்லை. நகரைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் நிலத்தைக் காக்க 1938இல் 'பசுமை வளைய'ச் சட்டம் வந்தது. போருக்குப் பின் அந்தக் கட்டுப்பாடு இறுகியது. எல்லா இடைவெளியும் ஒருநாள் நிரம்பும் என்று எண்ணிவிடக் கூடாது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

நம் கணக்குக்கு வருவோம்

ஐந்து கிலோமீட்டருக்குள் நமக்கு 200 கடைகள் வாடிக்கை என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. எனவே 800 கடைகள் கிடைக்கும் என்று வட்டக் கணக்குச் சொல்லும். நகரின் அளவு 1.77 என்றால் கட்டடப் பகுதி சுமார் 3.4 மடங்குதான் பெருகும். கடைகளும் அதே விகிதத்தில் இருந்தால் கிடைப்பது 680. புதிதாக 600 வாடிக்கை எதிர்பார்த்த இடத்தில் 480தான். ஐந்தில் ஒரு பங்கு குறைவு! வண்டி ஓடும் தூரமோ குறைவதில்லை. இந்த இடைவெளியில்தான் லாபம் கரைகிறது. இது உதாரணக் கணக்குதான். ஊருக்கு ஊர் எண் மாறும்.

கவனிக்க வேண்டியவை

1. வட்டத்தை நம்பாமல் விரல்களைப் பாருங்கள். எந்தச் சாலை வழியாகக் குடியிருப்பு நீள்கிறதோ, அந்த வழியாகச் சரக்கு வண்டியை விடுங்கள்.

2. விரல் நுனியில் கடை வைத்தால் வாடகை குறைவு. வாடிக்கை வரக் காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதை முன்பே கணக்கிடுங்கள். கடன் வாங்கிய முதலுக்கு வட்டி காத்திருக்காது.

3. இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள காலி இடத்தை ஒட்டிக் கடை பார்ப்பவர்கள், அந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். ஏரியோ காப்பு நிலமோ என்றால் அது நிரம்பாது, நிரம்பவும் கூடாது.

4. இந்த எண் வடிவத்தைத்தான் சொல்லும். அங்கே குடியிருப்பவர் கையில் காசு புழங்குகிறதா, பக்கத்தில் எத்தனை கடைகள் என்பதை நேரில் நடந்துதான் அறிய வேண்டும்.

கணிதம் நம் அனுபவத்துக்கு மாற்று அல்ல; துணை. அடுத்த கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வரைபடமும் கட்டத் தாளும் பென்சிலும் எடுத்து ஒரு மாலை உட்காருவோம். அந்த ஒரு மாலை, பல ஆண்டு உழைப்பில் சேர்த்த முதலைக் காப்பாற்றலாம்.