நெற்றியில் ஒரு வெட்டு, வீட்டில் ஆளுக்கொரு யோசனை

மயிலாப்பூர் பழைய வீடென்றால் ஊஞ்சல் பலகை. தி.நகர் ஃபிளாட் என்றால் டிவி ஸ்டாண்டின் முனை. அடையாறு பக்கம் பார்க் சறுக்குமரம். நடக்கிற வயசுப் பிள்ளைக்கு நெற்றி கிழிய இடமா இல்லை? உன் பையன் ஓட ஆரம்பித்துவிட்டான், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் அதிகம். அரை அங்குல வெட்டுக்குக்கூட சட்டை நனைந்துவிடும். அதைப் பார்த்ததும் மாமியார் மஞ்சள்தூள் என்பார், எதிர்வீட்டு மாமி காபித்தூள் டப்பாவோடு வந்து நிற்பார். மரியாதையாக வாங்கி மேடையில் வைத்துவிடு. காயத்தில் அப்பிய தூளை நர்ஸ் தேய்த்துக் கழுவுகிறபோது பிள்ளை போடுகிற கத்தல், தையலுக்குப் போடுவதைவிட அதிகம். குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் கழுவு. சுத்தமான கைக்குட்டையை மடித்து வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்து. நடுவில் ‘நின்னுதா பார்’ என்று தூக்கிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அழுத்தியும் நிற்கவில்லை, வெட்டின் இரண்டு ஓரமும் வாய்போலத் திறந்திருக்கிறது, அல்லது கண்ணுக்கும் உதட்டோரத்துக்கும் பக்கத்தில் பட்டிருக்கிறது என்றால் கிளம்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே. நேரம் ஆக ஆக காயத்தில் கிருமி சேரும், தையலும் நன்றாகப் பிடிக்காது. சின்ன வெட்டாக இருந்தால் தையலே இல்லாமல் பசை வைத்தும் ஒட்டுகிறார்கள்.

அழுகையை நிறுத்த பால், பிஸ்கட், ஐஸ்கிரீம் எதுவும் கொடுக்காதே. பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. குட்டிப் பிள்ளை அசையாமல் படுக்காது என்று மயக்கம் கொடுத்துத் தையல் போட நினைத்தால், டாக்டர் முதலில் கேட்பது ‘கடைசியா என்ன சாப்பிட்டான், எப்போ?’ என்றுதான். வயிறு நிறைந்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடிபட்டது தலையில் என்றால் வெட்டைவிட பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். உடனே வீறிட்டு அழுது, கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விட்டால் பெரும்பாலும் பயமில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சொருகிப்போவது, வலிப்பு, நடை தள்ளாடுவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடு. ஒரு வயசுகூட ஆகாத குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால், ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் காட்டிவிடு. ‘தூங்கவே விடாதே’ என்பார்கள். வழக்கமாகத் தூங்குகிற நேரம் என்றால் தூங்கட்டும், நடுவில் எழுப்பிப் பார். அப்புறம், ‘ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்’ என்று நீயாக நச்சரிக்காதே. சில மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கிறேன் என்று சொல்கிற டாக்டர் நல்ல டாக்டர், சி.டி. ஸ்கேனில் இருப்பது கதிர்வீச்சு.

எங்கே போவது என்பதை இன்றைக்கே முடிவு செய். தையல் மட்டும் என்றால் பக்கத்து நர்சிங் ஹோம் போதும், ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று முன்கூட்டியே விசாரித்து வை. குழந்தைகளுக்கென்றே நுங்கம்பாக்கத்தில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் இருக்கிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை ராத்திரி பகல் எந்நேரமும் பார்க்கும், காசும் கிடையாது. கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே, அடிபட்ட பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற கை அங்கேதான் இருக்கிறது. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுத, எப்படி, எங்கே விழுந்தான் என்று கேட்பார்கள். ஒரே ஆள் பதில் சொல்லட்டும், அப்பா ஒன்று தாத்தா ஒன்று சொன்னால் வீண் குழப்பம்.

வழியையும் யோசித்து வை. மெட்ரோ வேலை நடக்கிறவரை லஸ் பக்கமும் பனகல் பார்க் பக்கமும் நேற்றைக்கு இருந்த வழி இன்றைக்கு இருக்காது. அறுபத்து மூவர் திருவிழா அன்றைக்கு மயிலாப்பூர் மாடவீதிக்குள் வண்டியே வராது. காரை எடுத்துக்கொண்டு பார்க்கிங் தேடுவதைவிட ஆட்டோ உத்தமம். உன் மடியில் பிள்ளை, கூட ஒரே ஒரு ஆள்.

தடுப்பூசி அட்டையை மொபைலில் படம் எடுத்து வை. பதினாறு மாசத்துக்கு மேல் போடுகிற பூஸ்டரும், ஐந்து வயசில் போடுவதும் அந்தந்தக் காலத்தில் போட்டிருந்தால், சுத்தமான சின்னக் காயத்துக்குத் தனியாக டி.டி. ஊசி தேவைப்படாது. அட்டை இல்லையென்றால் அவர்கள் போடத்தான் செய்வார்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 12 கிலோ பையனுக்கு 180. பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படி: 5 மில்லியில் 250 என்ற சிரப்பில் அது 3.6 மில்லி. டிராப்ஸ் என்றால் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும், சிரப் அளவில் ஊற்றினால் ஆபத்து. ஆறு மணி நேர இடைவெளி விடு. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

முகத்தில் போட்ட தையலை ஏறக்குறைய ஐந்து நாளில் பிரிப்பார்கள், தலையில் என்றால் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்காக மறுபடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, தெருக்கோடி டாக்டரே பிரித்துவிடுவார். கிளம்புவதற்கு முன்னால் சீட்டில் எத்தனை தையல் என்று எழுதி வாங்கிக்கொள், ஒன்று உள்ளே தங்கிவிடக் கூடாது.