பிள்ளைகள் வரையும் படக்கதை

புணேயை அடுத்த சிஞ்ச்வட், ஆலைகளால் வளர்ந்த ஊர். 1954-இல் பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டது. வேறு பல தொழிற்சாலைகள் தொடர்ந்தன. 1982-இல் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியாயிற்று. பிழைப்புத் தேடி வந்து குடியேறியோர் பல மொழியினர். இத்தகைய ஊரில், மராத்தியில் பத்து வரி எழுதத் திணறும் சிறுவனும் தன் தெருவில் நடப்பதைப் படமாக வரைந்து காட்டிவிட இயலும். படக்கதை வரையப் பயிற்றுவதன் பயன் இங்குதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் இதற்கு முறையான வழியொன்று வகுக்கப்பட்டுள்ளது. தில்லியைச் சேர்ந்த கேலிச்சித்திரக்காரர் சரத் சர்மாவின் வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பு, பின்லாந்து நாட்டு லெய்ஃப் பக்கலேனுடன் இணைந்து இம்முறையைப் பரப்பியது. ஓவியம் கற்காதவர்களும் தம் சொந்தச் சிக்கலைத் தாமே வரைந்து, தம் ஊர்ச் சுவரிலேயே ஒட்ட வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் பெண் குழந்தைகளுக்கு எதிரான பாகுபாட்டைப் பற்றியும் இவ்வகைச் சுவர்ப் படக்கதைகள் வரையப்பட்டன.

தேவையானவை மிகக் குறைவு: இரண்டு ஏ-4 தாள்கள், பென்சில், கறுப்பு மைப் பேனா. தாளுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள். தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் சுவரொட்டி ஆயத்தம். ஒளிநகல் எடுக்கும்போது பென்சில் நிழல் மங்கிவிடும். ஆகையால் கோடுகள் மையால் அமைய வேண்டும். ஓரங்களில் ஒரு விரற்கடை இடம் விடுதல் நன்று. உரையாடலை முதலில் எழுதிய பிறகே அதைச் சுற்றிக் குமிழி வரைய வேண்டும். குமிழியை முதலில் வரையும் பிள்ளை, இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கிவிடும். முகபாவத்துக்குப் புருவமும் வாயும் போதும். உடலைக் குச்சி உருவமாக வரைந்தாலும் குற்றமில்லை.

கடினமானது கதைதான். சிஞ்ச்வட்டுக்குரிய பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். பவனா ஆற்று நீரைப் பெறும் அந்நகரில், 2019-இன் இறுதியில், ஒன்றுவிட்ட ஒரு நாள் குடிநீர் வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. ஒரு சிறுமி இதை வரைகிறாள் என்று கொள்க. முதற்கட்டத்தில் விடியற்காலையில் குடத்துடன் நிற்கிறாள். இரண்டாவதில் குழாய் சொட்டுகிறது, கடிகாரம் ஓடுகிறது. மூன்றாவதில் வகுப்பறை வாசலில், "ஏன் தாமதம்?" என்கிறார் ஆசிரியர். நான்காவது கட்டம்?

பெரும்பாலான பிள்ளைகள் இங்கே மாயவீரன் ஒருவனை வரவழைத்துவிடுவார்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாக இரும்புக்கை மாயாவியைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்த ஆசை புதிதன்று! ஆசிரியர் அதை அழிக்க வேண்டியதில்லை. "உன் தெருவில் இதை யாரால் செய்ய முடியும்?" என்று கேட்டாற் போதும். அண்ணன் குடம் தூக்கலாம். தாயார் வார்டு அலுவலகத்துக்குச் செல்லலாம். ஆசிரியரே வருகை நேரத்தைத் தளர்த்தலாம். இம்மூன்றாவது முடிவு ஆசிரியருக்கு உவப்பளிக்காது. எனினும் அதையும் சுவரில் ஒட்ட அனுமதிக்க வேண்டும். பெரியவர்கள் விரும்பும் முடிவை மட்டும் வரையச் சொன்னால், எஞ்சுவது அறிவுரைச் சுவரொட்டியே.

ஆனால் எல்லாக் கதைகளையும் ஒட்டிவிடலாகாது. தந்தையின் குடிப்பழக்கத்தையோ வீட்டில் பட்ட அடியையோ பிள்ளை வரைந்தால், அது அதே தெருவில் தொங்குவது பிள்ளைக்கே தீங்காகலாம். பெயரையும் வீட்டு அடையாளத்தையும் மாற்றச் செய்வதோடு, ஒட்டுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடமே கேட்டறிய வேண்டும். சில தாள்கள் ஆசிரியரின் மேசையோடு நின்றுவிடுவதே முறை. உதவி தேவைப்படும் பிள்ளையை அவை காட்டிக்கொடுக்கும்.

மற்றவை தேநீர்க் கடை, பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை ஆகிய இடங்களுக்கு உரிமையாளரின் இசைவுடன் செல்லட்டும். வரைந்த பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று, படிப்போர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று கேட்டுவர வேண்டும். அடுத்த தாளுக்கான கதை அங்கேயே கிடைத்துவிடுவதும் உண்டு.